கறை போக்கும் வழிகள், நீ கேட்டபடி

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணமில்லை. நீ இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். பாத்திரம், துணி, தரை, கண்ணாடி என்று இந்த வீட்டில் நான் கையாளும் சுத்தம் செய்யும் முறைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னது ஒன்று. தை மாதம் கல்யாணமாகி சுகந்தி இங்கே வந்ததும் அவளுக்கு உதவும் என்றாய். ‘செலவே இல்லாத வித்தைகள்’ என்று என்னைப் பாராட்டியும் இருந்தாய். மற்றொன்று, பல்லாவரத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதம். நீயே இங்கிலீஷில் எழுதித் தனித் தாளாக உள்ளே வைத்திருந்தாய். நான் திருத்திக் கொடுத்தால் அவள் நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றாய். அவள் சம்மதித்துவிட்டாள் என்ற வரிக்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தாய்.

இரண்டையும் கவனித்துவிட்டேன். முதலாவதை நோட்டில் எழுதாமல் இந்தக் கடிதத்திலேயே எழுதுகிறேன், அதுவும் அவளுக்கு இல்லை, உனக்கு. உறையை ஒட்டாமல்தான் உன் அப்பாவிடம் கொடுக்கப் போகிறேன். சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போடுவார். அதற்குள் படித்தால் படிக்கட்டும். பயிற்சிக்காக ஹைதராபாத்தில் இருக்கிற நீயும் இதைச் சுகந்திக்கு மறைத்து வைக்க வேண்டிய அவசியமில்லை.

பித்தளையில் தொடங்குகிறேன், என் கதையும் அங்கேதான் தொடங்கியது. சமையலுக்கு ஆகாமல் கறுத்துப்போன பழைய புளியே போதும். கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, கல் உப்புப் போட்டு, தேங்காய் நாரால் தேய். கறுப்பு எடுபடுவது உன் கை பலத்தால் அல்ல, புளியில் இருக்கும் அமிலத்தால். அதனால் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் ஊறவிடு. பிறகு சலித்த சாம்பலால் ஒருமுறை தேய்த்துக் கழுவு. கழுவின கையோடு துடைத்துவிட வேண்டும். அனகாபுத்தூர்க் கைத்தறித் துண்டு நைந்துபோனால் தூக்கிப் போடாமல் அதற்கு வைத்துக்கொள். ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாகக் கறுத்திருக்கும்.

இது எனக்குப் பிறந்த வீட்டில் யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் கல்யாணமாகி சிட்லபாக்கத்துக்கு வந்தபோது கெமிஸ்ட்ரியில் ஆனர்ஸ் பட்டம் இருந்தது, குத்துவிளக்குத் துலக்கத் தெரியாது. உன் அப்பாவின் அக்கா, உன் பெரிய அத்தை, ஒரு மாதம் எங்களோடு தங்க வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காலேஜ் படிச்ச கை வெளக்கினா இப்படித்தான் இருக்குமோ என்னமோ” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உன் அப்பாவும் சிரித்தார். கோபம் வந்தால் சண்டை போடுகிற பெண்கள் உண்டு, அழுகிறவர்களும் உண்டு. நான் டிரங்குப் பெட்டியிலிருந்து என் பழைய பாடப் புத்தகத்தை எடுத்தேன். கிணற்றுக் கட்டையின் மேல் ஆறு பித்தளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒன்றில் புளி, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் புளித்த மோர் என்று தடவி, எது எத்தனை நிமிஷத்தில் வெளுக்கிறது என்று குறித்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு கண்ணைப் பறித்தது. ஊருக்குப் போகும்போது உன் அத்தை, புளிக்கு எவ்வளவு உப்பு என்று மெல்லக் கேட்டுக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். யாருடைய ஆட்டத்தில் ஜெயித்தோம் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. நம் கிணற்றுத் தண்ணீர் உனக்குத் தெரியும், சித்திரை வந்தால் சோப்பு நுரைக்காது, சட்டையெல்லாம் சாம்பல் பூத்துவிடும். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். துவைக்கிற தண்ணீரில் ஒரு பிடி சலவைச் சோடாவைப் போட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் அடியில் வெள்ளையாகப் படியும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்தால் பாதிச் சோப்பில் வேலை முடியும். வெந்நீர்த் தவலையில் உட்புறம் கல்லாகப் படிந்திருப்பதும் அதே சுண்ணாம்புதான், புளித்தண்ணீரைக் கொதிக்கவிட்டால் பொருக்காக உதிரும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைச் சுரண்டாதே, கீறல் விழுந்தால் அடுத்த முறை அங்கேயே பிடிக்கும். சோடா போட்ட வெந்நீரை ஊற்றி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார். பட்டுப் புடவைக்குப் பூந்திக்கொட்டை ஊறின தண்ணீர், துணியில் எண்ணெய் சிந்தினால் உடனே கடலை மாவு, ஜன்னல் கண்ணாடிக்குப் பழைய செய்தித்தாளை நனைத்துப் பிழிந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையைத் துடைக்கும் தண்ணீரில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் ஈ அண்டாது. தெருவில் உள்ள பெண்கள் எல்லாம் வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸ் நண்பர்கள் யார் வந்தாலும், “எங்க வீட்டுல சமையல் ரூம் கிடையாது சார், லேபரட்டரிதான்” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நான் காப்பி கொண்டு வருவேன்.

வெள்ளிக்கு உள்ள முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் இருந்த ஞானம் டீச்சரை உனக்கு நினைவிருக்கும், கிறிஸ்துமஸுக்கு உனக்குக் கேக் கொடுப்பார்களே, அவர்கள்தான். ஒருநாள் கன்னங்கரேலென்று ஒரு வெள்ளி டம்ளரைக் கொண்டுவந்தார்கள், யாரோ ஞானஸ்நானத்துக்குக் கொடுத்ததாம். ஓர் அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் சோடா, ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு, டம்ளர் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும்படி உள்ளே கிடத்தினேன். தேய்க்கவே இல்லை. கறுப்பு தானாக விட்டுப் போயிற்று. ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அதைவிட அலுமினியத்தோடு போக ஆசைப்படுகிறது, வழி கிடைத்ததும் போய்விடுகிறது என்று சொன்னேன். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏம்மா, இதைப் பிள்ளைங்க முன்னாடி நின்னு சொன்னா எப்படி இருக்கும்?” என்றார்கள். அடுத்த வாரம் நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில், கெமிஸ்ட்ரி லேபில் செய்து காட்டிச் சொல்லித் தருகிற டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை காலியாக இருப்பதாக விசாரித்து விண்ணப்பப் படிவம் கொண்டுவந்தவர்களும் அவர்களே. சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம் அது. நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். நேர்முகத்துக்குப் போனேன். வேலையும் கிடைத்தது.

உன் அப்பாவைப் பற்றி நான் குறை சொல்லப் போவதாக நீ நினைக்கலாம். அவர் தடுக்கவில்லை. கையை ஓங்கியதில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. நியமனக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்து மேஜைமேல் வைத்தார். “உன் இஷ்டம்தான், எனக்கென்ன. ஆனா உனக்கு லேப் இல்லாமலா இருக்கு? வீட்டுலயே வச்சிருக்கியே” என்றார். அவ்வளவுதான். அத்தனை நாள் விருந்தாளிகளுக்குச் சொன்ன அதே வேடிக்கை, இந்த முறை சிரிப்பு மட்டும் இல்லை. நான் பதினொரு வருஷமாகப் பாடுபட்டு, ஒரு துளி அழுக்குக்கூட யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்ட வீடு, எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. விளக்கில் கறுப்பு இருந்திருந்தால், உன் சட்டை சாம்பல் பூத்திருந்தால், இவள் இதற்கு லாயக்கில்லை, வேறு எதற்காவது போகட்டும் என்று விட்டிருப்பார்களோ என்னவோ.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். இங்கிலீஷ் கடிதம் எதுவானாலும் என் கண்ணில் படாமல் வெளியே போகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பா மூன்று தாள்களை வைத்துவிட்டுப் போனார். அவருடைய ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம், உன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு லீவு லெட்டர், மூன்றாவது அந்தக் கல்லூரிக்கு. குடும்பச் சூழ்நிலை காரணமாக இந்த வேலையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன் என்று நான் எழுதுகிற மாதிரி அவர் எழுதியிருந்தார். நான் வரிசையாகத் திருத்தினேன். மூன்றாவதையும் திருத்தினேன். வாக்கியம் தொளதொளவென்று இருந்தது, இழுத்துக் கட்டினேன். வருத்தம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, குறைத்தேன். பிறகு நல்ல தாளில் என் கையெழுத்தில் நகல் எடுத்துக் கீழே கையெழுத்தும் போட்டேன். தன் கழுத்துக்கு வைத்திருக்கும் கயிற்றில் முடிச்சு சரியில்லையே என்று அவிழ்த்துச் சரியாகப் போட்டுக் கொடுத்த புத்திசாலி நான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. இதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். நானும் சம்மதித்தவள்தான்.

ஞானம் டீச்சர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வெள்ளி டம்ளரை மட்டும் மறுபடியும் என்னிடம் கொண்டுவரவே இல்லை.

இனி மைக்கறை. நீ அப்பாவின் பழைய பேனாவை வைத்திருந்தாய், அது வாரம் ஒருமுறை உன் சட்டைப் பையில் கக்கும். கிணற்றில் போடுகிற ப்ளீச்சிங் பவுடரில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல் நீரைக் கறையில் தொட்டு வை. வெள்ளைத் துணிக்கு மட்டும்தான், சாயத் துணியில் செய்தால் சாயமும் போகும். நீலம் கண்ணெதிரே ஓடிவிடும். ஆனால் ப்ளூ பிளாக் மையில் இரும்பு இருக்கிறது, அது பழுப்பாக நின்றுகொள்ளும். அதைப் பார்த்துக் கறை போகவில்லை என்று பயந்து மேலும் மேலும் பவுடரைப் போட்டால் துணி இற்றுவிடும். இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசிய பிறகு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போடு. அலசாமல் எலுமிச்சையைப் பிழியாதே. ப்ளீச்சிங் பவுடர் இருக்கும் இடத்துக்கு எந்த அமிலத்தையும் கொண்டுபோகாதே, முக்கியமாகக் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை. எழும்புகிற புகை நெஞ்சை அடைக்கும். இதில் விளையாட்டு வேண்டாம்.

கல்லூரிக்குக் கடிதம் போன சில நாட்களில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து அப்படி ஒரு சட்டையோடு வந்தாய். கிணற்றடியில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, நீலம் மறைவதைப் பார்த்து, “எங்கம்மா போச்சு அது?” என்று கேட்டாய். நான் சொல்ல ஆரம்பித்தேன். மை எங்கேயும் போகவில்லை, அதன் நிறம் மட்டும் உடைந்துவிட்டது என்று சொன்னேன். அப்படியென்றால் அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்றாய். எத்தனை நல்ல கேள்வி அது. உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது. நான் எழுந்துகொண்டே, “நீ போய்ப் படி, நான் பாத்துக்கறேன்” என்றேன். ஒரு மாணவன் தானாக வந்து கேள்வி கேட்டு நின்றான், துரத்திவிட்டேன். நீ போய்ப் படித்தாய். நன்றாகவே படித்தாய். அதற்குப் பிறகு கறைபட்ட சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுப் போவாய், இரண்டு நாளில் வெள்ளையாக மடித்திருக்கும். அது எங்கே போயிற்று என்று மறுபடியும் ஒரு நாளும் நீ கேட்கவில்லை. செலவே இல்லாத வித்தை என்று எழுதுகிறவனாக உன்னை ஆக்கியது உன் அப்பா இல்லை, நான். மற்ற தப்புகளில் பிறருக்கும் பங்கு உண்டு. இது முழுவதும் என்னுடையது.

போன சனிக்கிழமை சுகந்தியும் அவள் அம்மாவும் புடவை விஷயமாக வந்திருந்தார்கள். அவள் அம்மா கூடத்தில் உன் அப்பாவோடு பத்திரிகை அச்சடிப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சுகந்தி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாதி டம்ளர்களைக் கழுவி முடித்தபோது நான் கேட்டேன். வேலையை விட அவளுக்கே விருப்பமா என்று. டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல், “அவர் சொல்றதும் சரிதான் அத்தை. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா உங்களுக்குத்தான் கஷ்டம்னாரு” என்றாள். என் கஷ்டத்தைக் காரணமாகக் காட்டியிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டு அவளே சொன்னாள்: “எட்டாம் வகுப்பு பி செக்‌ஷனுக்கு அல்ஜீப்ரா பாதியில நிக்குது. அது ஒண்ணுதான் மனசுல இருக்கு. புதுசா வர்றவங்க முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்கன்னா பாவம் பிள்ளைங்க, குழப்பிக்குங்க.” பிறகு நிமிர்ந்து பார்த்து, “நீங்க எங்கயாவது வேலை பாத்திருக்கீங்களா அத்தை?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். பித்தளை டம்ளரை ஈரத்தோடு கவிழ்க்கக் கூடாது என்று சொல்லித் துண்டை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் அதையே செய்தேன், பார்த்தாயா. கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் பாத்திரத்தைக் காட்டினேன். அவள் துடைத்தாள். நன்றாகத் துடைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளும் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவாள். ஐந்து வருஷத்தில் என்னைவிடக் கெட்டிக்காரியாகிவிடுவாள். நீ உன் ஆபீஸ் நண்பர்களை அழைத்து வந்து ஏதாவது வேடிக்கையாகச் சொல்வாய்.

சிட்லபாக்கத்திலிருந்து பல்லாவரம் இரண்டு ஸ்டேஷன். எட்டரை மணி வண்டியில் போனால் முதல் மணிக்கு முன்னால் வகுப்பில் இருக்கலாம். ஊர் மாற்றமில்லை, உடல் நலக் குறைவில்லை. இந்த வீட்டில் நிரம்ப வேலை இருக்கிறது என்பதுதான் காரணம் என்றால், அந்த வேலைகள் எவை, எப்படிச் செய்வது என்று மேலே விவரமாக எழுதியிருக்கிறேன். உனக்குப் புரியாதபடி எதையும் எழுதவில்லை. நீ பயிற்சி முடிந்து வந்ததும் ஞாயிற்றுக்கிழமைப் பித்தளை உன்னுடையது. உன் சட்டை உன்னுடையது. முதலில் விளக்கில் கறுப்பு நிற்கும், யாராவது பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஜெயிக்க வேண்டும் என்று புத்தகத்தை எடுக்காதே. மிச்சத்தை நான் செய்வேன் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது, விரல் கணுக்கள் சோடாவில் வெடித்துப்போய் மழைக்காலத்தில் மடங்குவதில்லை. செலவே இல்லை என்றாயே, செலவு எங்கே ஆகியிருக்கிறது என்று அடுத்த முறை வரும்போது காட்டுகிறேன்.

இப்போது உன்னுடைய இரண்டாவது காரியம். சுகந்தியின் ராஜினாமாக் கடிதத்தை நான் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். உன் அப்பா எழுதியதைவிட மேல், திருத்த அதிகம் இல்லை. குடும்பச் சூழ்நிலை என்ற அதே வார்த்தையைப் போட்டிருக்கிறாய், அது உங்கள் பரம்பரையில் வருகிறதோ என்னவோ. அப்பாவைப் போலவே ப்ளூ பிளாக் மையில் எழுதியிருக்கிறாய். நேற்றுக் காலையில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, ஒரு மெல்லிய தூரிகையால் வரிவரியாகத் தடவினேன். நீலம் போயிற்று, பழுப்பு நின்றது. தாள் கிழியாமல் தட்டில் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினேன். பிறகு எலுமிச்சை. மறுபடியும் அலசி, கொடியில் இரண்டு கிளிப்பு மாட்டித் தொங்கவிட்டேன். உன் அப்பா பேப்பரிலிருந்து நிமிர்ந்து, “என்ன அது?” என்று கேட்டார். கறை என்றேன். “போயிடுச்சா?” என்றார். போய்விட்டது என்றேன். கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் படிக்கத் தொடங்கினார். லேபரட்டரி என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, வெறுந்தாள்தான். சுகந்திக்கு உண்மையிலேயே வேலையை விட வேண்டும் என்றிருந்தால் அவளே இதில் எழுதட்டும், அவள் வார்த்தையில், எத்தனை தப்பிருந்தாலும். நான் திருத்த மாட்டேன். அவள் என்னிடம் கேட்ட ஏன் என்ற கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் அவள் அதைப் படிக்க வேண்டும். நீ காட்டாவிட்டால் அடுத்த சனிக்கிழமை நானே பல்லாவரத்துக்குப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பிடித்திருக்க வேண்டிய வண்டி, பரவாயில்லை.

ஒன்று மட்டும். தாளைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார். நீ அழுத்தி எழுதுகிறவன். மை முழுவதும் போய்விட்டாலும் பேனா முள் பதிந்த இடம் ஒவ்வொரு எழுத்தாக இன்னும் தெரிகிறது. அதை எடுக்க நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். எனக்கு வழி தெரியவில்லை.

அம்மா